இறக்கும் கலம் அனுப்பும் கடைசிப் பொதி

கடந்த வருடம் ஜூன் மாதம். தென்மேல் பருவமழை மலையை விடாமல் நனைத்துக்கொண்டிருந்தது. ஹட்டனை அண்டிய எங்கள் வீட்டின் பின்சுவரைத் தாண்டினால் தேயிலை மலை தொடங்கிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை உம்மும்மா அஸர் தொழுகைக்காக வுளூச் செய்துகொண்டிருந்தார். கால் கழுவும்போதுதான் அவரது சின்னவிரலுக்குப் பக்கத்தில் ஒரு புண்ணைக் கண்டேன்.

"ஒண்டுமில்ல மகள். வல்லாரை பறிக்கப் போன நேரம் அட்டை கடிச்ச எடம். சொறிஞ்சது புண்ணாகிட்டு. நோகவே இல்ல. உம்மாக்குச் சொல்ல வாணாம், பாவம், கவலப்படுவா."

நான் சொல்லவில்லை. நோகவில்லை என்று அவரே சொல்லும்போது அது பெரிய புண்ணாக இருக்காது என்று நினைத்தேன். ஒன்பதாவது நாள் கால் வீங்கிச் சிவந்து காய்ச்சலும் வந்துவிட்டது. வைத்தியசாலையில் பதினேழு நாட்கள் இருந்தார். சின்னவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. உம்மும்மாவுக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பின்னர், வாரத்துக்கு இரண்டு தடவை புண்ணுக்கு மருந்து கட்ட அவரைக் கூட்டிச் செல்வது என் பொறுப்பாயிற்று. நானே கேட்டுப் பெற்றுக்கொண்ட பொறுப்பு அது. ஒருநாள் புண்ணைச் சுத்தம் செய்துகொண்டிருந்த மிஸ்ஸிடம், "இந்தச் சீழ் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டேன். "கிருமியோடு சண்டை பிடித்துச் செத்துப்போன கலங்கள்தான் மகள். செத்ததை உடம்பே அப்புறப்படுத்தினால் புண் ஆறும். சீனி கூடினவர்களுக்கு அதுதான் சரியாக நடப்பதில்லை" என்றார்.

செத்துப்போன கலத்தை உடம்பு எப்படி அடையாளம் காண்கிறது? யார் அப்புறப்படுத்துகிறார்கள்? அப்புறப்படுத்தாவிட்டால் ஏன் புண் ஆறாது? இந்தக் கேள்விகளோடு எங்கள் உயிரியல் ஆசிரியையிடம் போனேன். அவர் தந்த விளக்கத்தையும், அதன் பின்னர் நான் தேடி வாசித்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அழற்சி என்பது என்ன?

சிவத்தல், வீங்குதல், சூடாதல், நோதல். இந்த நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னரே உரோம எழுத்தாளரான செல்சஸ் எழுதி வைத்தார். அழற்சி ஒரு நோய் அல்ல. காயம்பட்ட இடத்துக்கு உடம்பு அனுப்பும் உதவிதான் அது. அந்த இடத்திலுள்ள குருதிக் குழாய்கள் விரிகின்றன. அதனால் தோல் சிவந்து சூடாகிறது. குழாய்ச் சுவரின் இடைவெளிகள் ஊடாகத் திரவமும் வெண்குருதிக் கலங்களும் வெளியே வருகின்றன. அதனால் அவ்விடம் வீங்குகிறது.

முதலில் வந்து சேர்பவை நியூட்ரோபில் எனப்படும் வெண்குருதிக் கலங்கள். வளர்ந்த ஒருவரின் எலும்பு மச்சை ஒரு நாளில் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உற்பத்தி செய்கிறது. அவை பற்றீரியாவை விழுங்கும். கொல்லும் தன்மையுள்ள இரசாயனங்களையும் நொதியங்களையும் கக்கும். ஆனால் அந்த இரசாயனங்களுக்கு நண்பன், பகைவன் என்ற வேறுபாடு தெரியாது. அதிக நேரம் கொட்டினால் நமது சொந்த இழையங்களையும் அரித்துவிடும். ஆகவே நியூட்ரோபில்கள் வேகமாக வரவும் வேண்டும். வேலை முடிந்ததும் ஒழுங்காக இறக்கவும் வேண்டும். அழற்சியைத் தொடங்குவது எவ்வளவு முக்கியமோ, அதை நிறுத்துவதும் அவ்வளவு முக்கியம்.

நெருப்பு எரிந்து முடிந்தால் தானாக அணைவதைப் போல, கிருமி தீர்ந்ததும் அழற்சியும் தானாக அடங்கிவிடும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அது அப்படி அல்ல. "போதும், நிறுத்துங்கள்" என்ற கட்டளை தனியாகப் பிறப்பிக்கப்பட வேண்டும். அந்தக் கட்டளையின் ஒரு பகுதியைக் கொண்டுபோவது யார் தெரியுமா? இறந்துகொண்டிருக்கும் கலங்களேதான்.

மண்சரிவும் கவ்வாத்தும்

கலம் ஒன்று இரண்டு விதமாக இறக்கலாம். சுடுநீர் பட்டாலோ, நசுங்கினாலோ, குருதி கிடைக்காமல் போனாலோ கலத்தின் மென்சவ்வு வெடித்து உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டிவிடும். இதற்கு நெக்ரோசிஸ் என்று பெயர். கொட்டிய பொருட்களை உடம்பு ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளும். மேலும் வெண்குருதிக் கலங்கள் வரும்; அழற்சி கூடும்.

மற்றது திட்டமிட்ட இறப்பு. கலம் தனக்குள்ளேயே இருக்கும் நொதியங்களை இயக்கி, தன்னைத் தானே படிப்படியாகப் பிரித்து முடிக்கும். 1972ஆம் ஆண்டு ஜோன் கெர், அன்ட்ரூ வைலி, அலஸ்டெயர் கறி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் இதற்கு அப்போப்டோசிஸ் எனப் பெயரிட்டார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. இந்த இறப்பை மரபணுக்கள் எவ்வாறு நடத்துகின்றன என்பதை ஒரு சின்னஞ்சிறு புழுவில் கண்டறிந்தவர்களுக்கு 2002ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் புழு வளரும்போது உருவாகும் 1090 உடற்கலங்களில் சரியாக 131 கலங்கள் இவ்வாறு இறந்துவிடுகின்றன. நமது உடம்பிலோ ஒவ்வொரு நொடியும் பத்து இலட்சத்துக்குக் குறையாத கலங்கள் இறக்கின்றன. இந்த வரியை நீங்கள் வாசித்து முடிப்பதற்குள் எத்தனை இலட்சம் இறந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆனாலும் நமக்கு எங்கும் வீங்கவில்லை, எங்கும் நோகவில்லை.

மலையகத்தில் வாழும் நமக்கு இந்த வித்தியாசம் எளிதாக விளங்கும். பெருமழைக்கு மண்சரிவு வந்தால் மண்ணும் கல்லும் மரமும் ஒன்றாய்ப் புரண்டு கீழே உள்ள லயத்தையும் பாதையையும் மூடிவிடும். நெக்ரோசிஸ் அப்படிப்பட்டது. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவது வேறு. அதுவும் வெட்டுத்தான், செடி மொட்டையாகித்தான் நிற்கும். ஆனால் திட்டத்தோடு நடக்கிறது. வெட்டிய வாதுகளில் விறகுக்கு எடுத்தது போக மிச்சத்தை நிரைகளுக்கு இடையே பரப்பி விடுவார்கள். அது மண் கழுவிப் போகாமல் தடுக்கும், உக்கி உரமாகும். அப்போப்டோசிஸில் இறக்கும் கலமும் தன் மிச்சத்தை இப்படித்தான் ஒழுங்குபடுத்திவிட்டுப் போகிறது.

பொதி கட்டும் முறை

அப்போப்டோசிஸ் தொடங்கியதும் கலம் முதலில் சுருங்கும். பின்னர் அதன் மேற்பரப்பு, கொதிக்கும் கஞ்சியில் குமிழிகள் எழுவதைப் போல ஆங்காங்கே புடைக்கும். அந்தப் புடைப்புகள் கழன்று, மென்சவ்வினால் மூடப்பட்ட சிறு பைகளாகப் பிரியும். இவற்றையே புடகங்கள் என்கிறோம். பெரியவை ஒன்று முதல் ஐந்து மைக்ரோமீற்றர் வரை இருக்கும். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கே ஒரு மைக்ரோமீற்றர். இவற்றிலும் சிறிய புடகங்களும் உண்டு. கலத்தின் கருவும் மரபணுப் பொருளும் புரதங்களும் துண்டுகளாகி இந்தப் பைகளுக்குள் அடைபடுகின்றன.

அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரிலுள்ள லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் இவான் பூனும் அவரது குழுவினரும் 2015ஆம் ஆண்டு இதில் ஓர் அழகான காட்சியைக் கண்டு எழுதினார்கள். ஒரு வகை வெண்குருதிக் கலம் இறக்கும்போது நீண்ட நூல் போன்ற இழைகளை வெளியே நீட்டுகிறது. அந்த இழையில் தஸ்பீஹ் மணிகளைக் கோத்தது போலப் புடகங்கள் வரிசையாக அமைகின்றன. பின்னர் இழை அறுந்து மணிகள் தனித்தனியே பிரிகின்றன.

இந்தப் பொதிகள் அழற்சியை எப்படி அடக்குகின்றன? மூன்று வழிகளைச் சொல்லலாம்.

முதலாவது, மூடி வைத்தல். அழற்சியைத் தூண்டக்கூடிய பொருட்கள் பைக்குள் அடங்கிவிடுவதால் அயலிலுள்ள இழையத்தின் மீது சிந்துவதில்லை.

இரண்டாவது, முகவரி ஒட்டுதல். கலத்தின் மென்சவ்வு இரண்டு படைகளால் ஆனது. பொஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பு மூலக்கூறு உயிருள்ள கலத்தில் உட்படையிலேயே இருக்கும். இறக்கும்போது அது வெளிப்படைக்குப் புரட்டப்படுகிறது. புடகங்களின் மேலும் அது இருக்கும். "என்னை எடுத்து உண்ணுங்கள்" என்று எழுதி ஒட்டிய முத்திரை அது. மக்ரோபேஜ் எனப்படும் பெருவிழுங்கிக் கலங்கள் இந்த முத்திரையைத் தொட்டு அறிந்து பொதியை விழுங்கிவிடும்.

மூன்றாவதுதான் என்னை வியக்க வைத்தது. அதுதான் செய்தி. கிருமியை விழுங்கிய மக்ரோபேஜ் கோபமடையும். அழற்சியைக் கூட்டும் புரதங்களை வெளியிடும். ஆனால் ஒழுங்காக இறந்த கலத்தையோ அதன் பொதியையோ விழுங்கிய மக்ரோபேஜ் அமைதியடைகிறது. அழற்சியைக் கூட்டும் புரதங்களைக் குறைத்து, அடக்கும் புரதங்களை வெளியிடத் தொடங்குகிறது. 1997, 1998ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. பழுது பார்க்கும் வேலை அதன் பின்னரே ஆரம்பமாகிறது. புதிய குருதிக் குழாய்கள் முளைக்கும், தோல் மூடத் தொடங்கும்.

சென்னையில் கால்நடை மருத்துவம் படித்த ஒருவர்

இந்தத் துறையை இன்று முன்னின்று நடத்துவோரில் ஒருவர் தமிழ்நாட்டில் படித்தவர் என்று அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பேராசிரியர் கே. எஸ். ரவிச்சந்திரன் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் பணியாற்றினார். மெல்பேர்ணின் இவான் பூனும் அவரது ஆய்வுகூடத்தில் பயின்றவரே.

இறந்த கலம் ஓரிடத்தில் கிடக்க, மக்ரோபேஜ் வேறிடத்தில் இருந்தால் எப்படித் தேடி வரும்? 2009ஆம் ஆண்டு ரவிச்சந்திரன் குழுவினர் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். இறக்கத் தொடங்கும் கலம் ஏ.ரி.பி., யூ.ரி.பி. ஆகிய மூலக்கூறுகளைக் கொஞ்சமாக வெளியே விடுகிறது. பாடப்புத்தகத்தில் கலத்தின் சக்திப் பணம் என்று நாம் படிக்கும் அதே ஏ.ரி.பி.தான். அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு மக்ரோபேஜ் வந்து சேர்கிறது. அவை வெளியேறும் வாசல், மென்சவ்விலுள்ள பனெக்சின் என்ற புரதக் கால்வாய் என்பதை அடுத்த ஆண்டில் கண்டுபிடித்தார்கள்.

2016ஆம் ஆண்டு அவர்களது இன்னொரு ஆய்வு வெளிவந்தது. குளிரும் பனியும் நிறைந்த நமது பிரதேசத்தில் வீசிங் இல்லாத வீடு குறைவு என்பதால் அதை இங்கே குறிப்பிடுகிறேன். மூச்சுக்குழாயின் உட்சுவரிலுள்ள கலங்களும் இறந்த அயற்கலங்களை விழுங்கக் கூடியவை. பக்கத்திலிருக்கும் மக்ரோபேஜ்கள் ஒரு வளர்ச்சிக் காரணியை வெளியிட்டு, அந்தச் சுவர்க்கலங்கள் எதை எவ்வளவு விழுங்க வேண்டும் என்பதை மாற்றுகின்றன; நுண்ணிய புடகங்களையும் அவற்றுக்கு அனுப்புகின்றன. எலிகளில் இந்தத் தொடர்பைக் குழப்பியபோது மூச்சுக்குழாய் அழற்சி கூடியது. புடகம் இறக்கும் கலத்தின் கடைசிக் கடிதம் மட்டுமல்ல. வாழும் கலங்களும் அதே தபாலைப் பயன்படுத்துகின்றன.

2020ஆம் ஆண்டு மற்றுமொரு செய்தி. இறக்கும் கலங்கள் புடகங்களுக்குப் புறம்பாக, பனெக்சின் வாசல் வழியே ஸ்பெர்மிடின் போன்ற சிறு மூலக்கூறுகளையும் வெளியிடுகின்றன. அவை அயற்கலங்களில் அழற்சியை அடக்கும் மரபணுக்களைத் தூண்டுகின்றன. அவற்றில் சிலவற்றைக் கலந்து, மூட்டு அழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளுக்குக் கொடுத்தபோது வீக்கம் குறைந்தது.

உம்மும்மாவின் காலில் நடந்தது என்ன?

இப்போது மிஸ் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். சீனி வருத்தம் உள்ளவர்களின் கால்புண் ஆறாமல் இருக்கப் பல காரணங்கள் உண்டு. நரம்புகள் பழுதடைவதால் நோ தெரியாது. குருதிக் குழாய்கள் சுருங்குவதால் ஒட்சிசன் போதாது. கிருமிகள் எளிதில் பெருகும். இவற்றோடு, நாம் மேலே பார்த்த துப்புரவு வேலையும் தடுமாறுகிறது.

2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீரிழிவுள்ள எலிகளின் புண்ணிலிருந்து எடுத்த மக்ரோபேஜ்கள் இறந்த கலங்களைச் சரிவர விழுங்குவதில்லை எனக் கண்டார்கள். விழுங்கப்படாத பொதி காத்துக் கிடக்கும். நேரம் போனால் அதன் பை கிழிந்து உள்ளிருப்பவை கொட்டும். ஒழுங்காகத் தொடங்கிய இறப்பு கடைசியில் மண்சரிவாகவே முடிந்துவிடும். "போதும்" என்ற கட்டளையும் பிறக்காது. புதிது புதிதாக நியூட்ரோபில்கள் வந்துகொண்டே இருக்கும்.

2022ஆம் ஆண்டு, பெல்ஜியத்தின் கென்ற் நகரில் ரவிச்சந்திரனும் சேர்ந்து நடத்திய ஆய்வொன்று இதற்கு ஒரு வழியைக் காட்டியது. தோலிலுள்ள ஒரு வகைக் கலங்களில், இறந்தவற்றை விழுங்கும் வேகத்துக்குத் தடையாக இருக்கும் ஒரு புரதத்தை அவர்கள் அடையாளம் கண்டார்கள். அந்தப் புரதத்தை மருந்தினால் தடுத்தபோது நீரிழிவுள்ள எலிகளின் புண்கள் வேகமாக ஆறின. எலியில் சரிவந்தது மனிதருக்கு மருந்தாக வருவதற்கு இன்னும் பல படிகள் உண்டு. ஆனாலும் பாதை எது என்பது தெரிந்துவிட்டது.

எல்லாப் பொதியும் நல்ல பொதி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வைரசு தொற்றிய கலம் இறக்கும்போது அதன் புடகங்களில் வைரசும் ஏறிப் பயணிக்கலாம். இறந்த கலங்கள் அப்புறப்படுத்தப்படாமல் தேங்கினால், உடம்பு தன் சொந்த மரபணுப் பொருளையே பகையாகக் கருதத் தொடங்கலாம். பெண்களை அதிகம் தாக்கும் லூபஸ் என்ற நோயில் இந்தத் தேக்கத்துக்குப் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது.

கடைசியாக

எழுதுவதற்கு இன்னொரு காரணம் உண்டு என்றேனே, அது இதுதான். "நோகவே இல்லை" என்ற வார்த்தையை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன். சீனி வருத்தம் உள்ள ஒருவரின் புண் நோகாமல் இருப்பது நல்ல செய்தி அல்ல. அதுவே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய செய்தி. அந்த ஒன்பது நாட்கள் என்னிடம் இருந்தன. அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். அவரது விரலைக் காப்பாற்றவில்லை.

தோழியரே, உங்கள் வீட்டிலும் சீனி வருத்தம் உள்ள பெரியவர்கள் இருப்பார்கள். வுளூவுக்குக் கால் கழுவும் நேரத்தில் விரல் இடுக்குகளையும் உள்ளங்காலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். குனிய முடியாதவர்களுக்கு நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். கால் குளிர்கிறது என்று சுடுநீரில் வைக்கவோ அடுப்பருகே நீட்டவோ விடாதீர்கள். சூடு தெரியாமல் வெந்துவிடும். அட்டை கடித்த இடத்தைச் சொறியாமல் சுத்தமான நீரால் கழுவி விடுங்கள். சிறு புண்ணானாலும் அன்றைக்கே காட்டுங்கள். வீக்கத்துக்கென்று நாமாகவே மாத்திரை வாங்கிப் போடுவது வேண்டாம். அழற்சியை மூடி மறைப்பது வேறு, அது தன் வேலையை முடித்து அடங்குவது வேறு.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கவலைப்படுவார்கள், ஒருநாள் சம்பளம் போய்விடும், கடையைப் பூட்ட வேண்டி வரும் என்று புண்ணை மறைக்காதீர்கள். எங்கள் வீட்டுக்கு மேலே கொழுந்து பறிக்கும் அக்காமாரிடமும் இப்போது இதையே சொல்லி வருகிறேன்.

உம்மும்மாவின் புண் பத்து வாரங்களில் ஆறியது. கட்டைக் கடைசியாக அவிழ்த்த அன்று, இளஞ்சிவப்பு நிறத்தில் புதுத்தோல் மூடியிருந்த இடத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை கோடிக் கலங்கள் தம் பொதியைக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கும் என்று அவரிடம் சொன்னேன்.

"அதுகளாவது சொல்லிட்டுப் போகுது மகள்," என்றார் உம்மும்மா. "நாந்தான் சொல்லாம இருந்துட்டன்."